மூன்று சபை, ஒரே வீடு: அம்மாவின் நினைவு நாளில் சேர்ந்து ஜெபிக்க வழி உண்டா?

வடசேரிமகள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு ஒரு உதவி வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அம்மா பிறந்ததிலிருந்தே சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அதன் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருபது வருடம் கணக்கு எழுதினார்கள். நானும் அதே சபைதான். அக்காவைக் கடற்கரை ஊர் ஒன்றில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். தம்பி பத்து வருடத்துக்கு முன்னால் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனான். அம்மா இருந்தவரை இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. யார் வந்தாலும் அவர்கள் வழியில் ஜெபிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அடக்கத்துக்கு முந்தின இரவு அத்தானின் அம்மாவும் அவர்கள் ஊர்ப் பெண்களும் உடல் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். தம்பி எழுந்து போய் விடியும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் அவனுடைய பாஸ்டர் ஒரு வார்த்தை ஜெபிக்கிறேன் என்று கேட்டபோது, ஒழுங்குமுறையில் அதற்கு இடமில்லை என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் சரியாகப் பேசுவதில்லை.

நினைவு நாளை வீட்டில் எல்லாரும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மூன்று பேரும் மனதார "ஆமென்" சொல்லக்கூடிய ஜெபம் என்று ஒன்று இருக்கிறதா? யாரும் தன் நம்பிக்கையை மறைத்துக்கொண்டு நடிக்க வேண்டாம். அப்படி நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

முதலூர் பேரன்

அக்கா, உங்கள் அம்மாவே வழி காட்டியிருக்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்தவர்கள் என்றால் மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாளுக்குக் கட்டாயம் போயிருப்பார்கள். வருடத்துக்கு ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனை முறையை எழுதுகிறார்கள். எல்லா சபைப் பெண்களும் அதையே வைத்து ஜெபிக்கிறார்கள். எங்கள் ஊரில் சால்வேஷன் ஆர்மி, சி.எஸ்.ஐ., ஆர்.சி. பெண்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆண்கள் கமிட்டி போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் பெண்கள் ஜெபிக்கவே தொடங்கிவிட்டார்கள்.

நினைவு நாளுக்குச் சங்கீதம் 23 வையுங்கள். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

மேலறை

சகோதரி, நான் பெந்தெகொஸ்தே விசுவாசி. வாசல்படியில் உட்கார்ந்திருந்த உங்கள் தம்பியின் மனது எனக்குப் புரிகிறது. அதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லட்டுமா?

இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்களால் முடியாத காரியம். மரியாளிடம் பரிந்து பேசக் கேட்பதும் அப்படியே. உங்கள் அத்தானின் அம்மா மேல் எங்களுக்கு வெறுப்பு கிடையாது. வேதத்தில் அதற்கு இடமில்லை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம், அவ்வளவுதான். மனச்சாட்சி ஒப்பாத ஜெபத்தில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பதைவிட வெளியே போய் உட்காருவது நேர்மை. பெற்ற தாயின் உடல் உள்ளே இருக்க, அந்த இரவு முழுவதும் வெளியே இருந்தானே, அது அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அப்பா இறந்தபோது எங்கள் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. அப்பா முப்பது வருடம் அங்கத்தினராக இருந்த பழைய சபையில் போய்க் கேட்டோம். "நீங்கள்தான் வேண்டாம் என்று போய்விட்டீர்களே" என்றார்கள். உடலை வீட்டில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை அலைந்தோம். வேறொரு சபைக்காரர்கள், எங்களை யாரென்றே தெரியாதவர்கள், தங்கள் தோட்டத்தில் ஒரு மூலையைக் காட்டினார்கள். காசு வாங்கவில்லை. அவர்களுடைய போதகர் ஓரமாக நின்று, எங்கள் பாஸ்டரையே ஜெபிக்க விட்டார். அன்றைக்கு அவர் எங்கள் உபதேசத்தை ஒத்துக்கொண்டார் என்று நான் நினைக்கவில்லை. நாங்களும் அவருடையதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவரை என் சகோதரன் என்று சொல்ல எனக்கு இன்றுவரை தயக்கம் இல்லை.

ஆகையால் தம்பியை அழைக்கும்போது, என்னென்ன இருக்கும், என்னென்ன இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவன் வருவான்.

கடல்மணல்

நான் ஆர்.சி. குமரி கடற்கரைதான். மேலறை அண்ணன் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். அந்தக் கல்லறைத் தோட்டத்து விஷயம் மனதை என்னவோ செய்துவிட்டது.

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். ஒரு ஆள் இறந்த வீட்டில் ஜெபமாலை சொல்லாமல் எழுந்து வருவது எங்கள் அம்மாமாருக்குப் பிணத்தைத் தனியாக விட்டுவிட்டு வருவது மாதிரி. அத்தானின் அம்மா உங்கள் அம்மாவைத் தன் சொந்தச் சகோதரியாக நினைத்ததால்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அக்காவுக்கு அது தெரியும். தம்பி எழுந்து போனது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்கும்.

எங்கள் பாட்டி காலத்தில் வேறு சபைக் கோயிலுக்குள் கால் வைப்பதே பாவம். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஆவணத்தை வெளியிட்டது. பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்து ஜெபிக்கலாம், அது விரும்பத்தக்கதும்கூட என்று அதில் சொன்னார்கள். வருடா வருடம் ஜனவரி 18 முதல் 25 வரை ஒன்றிப்பு வாரம் வருகிறதே, எங்கள் பங்குக் கோயிலில் ஒரு நாள் சி.எஸ்.ஐ. ஆயரைக் கூப்பிட்டு மறையுரை ஆற்றச் சொல்வார்கள். முதல் தடவை அறிவிப்பில் "ஆயர் வருகிறார்" என்று வாசித்தார்கள். எங்களுக்கு ஆயர் என்றால் பிஷப். ஊரே மாலை வாங்கிக்கொண்டு நின்றது. வந்தவர் ஸ்கூட்டரில் ஒரு இளம் போதகர். ஒரே தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு வீட்டில் இரண்டு பொருள். இப்படி எத்தனை இருக்கிறது பாருங்கள்: பூசை, ஆராதனை, திருமுழுக்கு, ஞானஸ்நானம், நற்கருணை, திருவிருந்து. நம் பிரிவுகளில் சரிபாதி வார்த்தைகளால் வந்த தூரம் என்று எனக்குத் தோன்றும்.

திருமுழுக்கில் ஒரு நல்ல செய்தி உண்டு. தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் சி.எஸ்.ஐ.யிலோ லுத்தரன் சபையிலோ கொடுத்தது எங்களுக்குச் செல்லும். உங்கள் அக்கா எங்கள் பக்கம் சேர்ந்திருந்தால் அவருக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

2004 டிசம்பர் 26. அதற்கு மேல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று நாங்கள் உள்நாட்டுப் பக்கம் ஓடினோம். சி.எஸ்.ஐ. பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். பதினேழு நாள் அங்கே இருந்தோம். முந்தின நாள் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கட்டியிருந்த நட்சத்திரம் அப்படியே தொங்கியது. ஞாயிறு அன்று அவர்கள் வகுப்பறையை ஒதுக்கிக் கொடுக்க, எங்கள் சாமியார் அங்கேயே பூசை வைத்தார். மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தது அந்தச் சபைப் பெண்கள்தான்.

வடசேரிமகள்

கடல்மணல், உங்கள் பதிவை அக்காவுக்கு அனுப்பினேன். பதில் எதுவும் வரவில்லை, ஆனால் வாசித்துவிட்டாள் என்று தெரிகிறது.

ஒரு கேள்வி. நினைவு நாளில் திருவிருந்து, அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை, வைக்கலாமா? அம்மாவுக்கு அது ரொம்பப் பிரியம்.

கடல்மணல்

வேண்டாம் அக்கா. உங்கள் சபையில் வேறு சபையின் திருவிருந்து அங்கத்தினர்களையும் பந்திக்கு அழைப்பீர்கள் என்று தெரியும். எங்கள் சட்டப்படி நாங்கள் வர முடியாது, எங்கள் நற்கருணைக்கும் பொதுவாக உங்களை அழைக்க முடியாது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. கணவன் எழுந்து நற்கருணைக்குப் போக, மனைவி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால் ஒன்றாகாததை ஒன்றாகிவிட்டது போல அன்றைக்கு ஒரு நாள் காட்ட வேண்டாம். அக்காவைத்தான் அது சங்கடத்தில் மாட்டிவிடும்.

தரங்கை வாசகன்

லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளே, நீ கேட்கும் கேள்வியை எங்கள் ஊரில் ஒரு நூறு வருடத்துக்கு முன்பே கேட்டார்கள். 1919 மே மாதம் முதல் இரண்டு நாள் தரங்கம்பாடியில் முப்பத்துமூன்று பேர் கூடினார்கள். அதில் இரண்டு பேர் மட்டுமே வெளிநாட்டார். ஆங்கிலிக்கன் சபையினரும், தென்னிந்திய ஐக்கிய சபையினரும் அதில் முக்கியமானவர்கள். இந்த ஐக்கிய சபையே 1908இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உண்டானது. கூட்டத்துக்கு உயிராக இருந்தவர் பேராயர் (பிஷப்) அசரியா. வெள்ளாளன்விளையில் கிராமப் போதகர் வீட்டுப் பிள்ளையாக 1874இல் பிறந்தவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லில் ஊழியம் செய்தவர்.

அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கருத்து இருக்கிறது. இந்தப் பிரிவினைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, இவை வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை, நாங்கள் உண்டாக்காத இவற்றை நிலைநிறுத்த நாங்கள் விரும்பவில்லை என்று எழுதினார்கள். யோசித்துப் பார். இங்கிலாந்து அரசருக்கும் போப்புக்கும் நடந்த சண்டை, ஸ்காட்லாந்தில் நடந்த சண்டை, இவற்றின் பெயரால் திருநெல்வேலியில் ஒரு ஊரும் நாகர்கோவிலில் இன்னொரு ஊரும் ஒரே பந்தியில் உட்கார முடியாமல் இருந்தது. எந்த மிஷனரி முதலில் வந்தாரோ அந்தச் சபை. உன் பாட்டியின் ஊருக்கு வந்தது எல்.எம்.எஸ். என்ற லண்டன் மிஷன் என்றால் நீ காங்கிரிகேஷனல், பக்கத்து மாவட்டத்தில் எஸ்.பி.ஜி. என்ற மிஷன் வந்திருந்தால் ஆங்கிலிக்கன். தேர்ந்தெடுத்தது யார்? யாரும் இல்லை.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் பேசினார்கள். எதைப் பேசினார்கள் தெரியுமா? இயேசு யார் என்பதில் சண்டையே வரவில்லை. வேதாகமம், அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், நிசேயா விசுவாசப் பிரமாணம், ஞானஸ்நானம், திருவிருந்து, இவற்றில் எல்லாரும் ஏற்கனவே ஒன்றாகவே நின்றார்கள். சிக்கல் பேராயர் பதவியில். பேராயர் கைவைத்துக் குருவாக அபிஷேகம் செய்யாத ஒருவர் திருவிருந்து நடத்தலாமா? ஆங்கிலிக்கன் சபைக்கு அது கூடாது. மற்றவர்களுக்கோ, இத்தனை வருடம் ஊழியம் செய்த தங்கள் போதகர்களை மறுபடியும் குருத்துவ அபிஷேகத்துக்கு நிறுத்துவது என்பது அதுவரை செய்தது ஊழியமே இல்லை என்று ஒத்துக்கொள்வதாகும்.

கடைசியில் அவர்கள் கண்ட வழி எனக்கு இன்றும் ஆச்சரியமானது. இனிமேல் அபிஷேகம் பெறுகிறவர்கள் பேராயர் கையால் பெறட்டும். ஏற்கனவே ஊழியத்தில் இருப்பவர்களை அப்படியே ஏற்றுக்கொள்வோம், யாரையும் மறுபடி அபிஷேகம் செய்ய மாட்டோம். எந்தச் சபைக்கும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியரை வலுக்கட்டாயமாக அனுப்ப மாட்டோம். இப்படி முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து பார்ப்போம், பிறகு மற்றதை முடிவு செய்வோம். இங்கிலாந்தில் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் சேராமல் ஒதுங்கினார்கள். இருந்தும் 1947 செப்டம்பர் 27, சுதந்திரம் வந்து ஆறு வாரத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர்கள் உள்ள சபையும் இல்லாத சபைகளும் ஒன்றானது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்று காலமாகிவிட்டார்.

இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், எல்லாவற்றிலும் ஒத்துப்போன பிறகு சேரலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. "உன் ஊழியம் ஊழியம்தான்" என்று முதலில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டார்கள். ஒத்துப்போவதைச் சேர்ந்து வாழும்போது கற்றுக்கொண்டார்கள். உன் அக்காவும் தம்பியும் அந்த முதல் வார்த்தையைத்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் எதிர்பார்க்கிறார்கள்.

முதலூர் பேரன்

ஐயா, அருமையாக எழுதினீர்கள். ஆனால் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். அறிக்கை எழுதியது உங்கள் ஊரில். லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கிய ஊர். கடைசியில் லுத்தரன்கள் மட்டும் சேராமல் போனது ஏன்?

தரங்கை வாசகன்

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. எனக்கும் அதில் முழு நிம்மதி கிடையாது.

அதே 1919இல்தான் எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் தனிச் சபையாக நின்றது. எங்கள் பெரியவர்கள் சொன்ன காரணம் இது: முதலில் உபதேசத்தில் ஒருமனப்பட வேண்டும், முக்கியமாகத் திருவிருந்தில் கிறிஸ்து எப்படி வருகிறார் என்பதில். அமைப்பும் பதவியும் பிறகு வரட்டும். அதைச் சும்மா தட்டிக்கழிப்பு என்று சொல்ல மாட்டேன். சத்தியத்தை அரைகுறையாக வைத்துக்கொண்டு கைகுலுக்குவதில் அவர்களுக்குப் பயம் இருந்தது. 1948இல் தொடங்கி வருடக்கணக்கில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசினார்கள். பல விஷயங்களில் ஒத்த கருத்தும் வந்தது. ஆனாலும் இரண்டு சபையாகவே நின்றுவிட்டோம். சொத்து, பதவி, பழக்கம், இவையும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் 1969 முதல் மதுரை அரசரடியில் லுத்தரன் மாணவனும் சி.எஸ்.ஐ. மாணவனும் ஒரே இறையியல் கல்லூரியில் படிக்கிறார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் எங்கள் சபைக்காரர். அவர் கீர்த்தனையைப் பாடாத தமிழ்ச் சபை எது? ரோமாபுரியோடும் பேசினோம். விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் பற்றி லுத்தரன் உலக ஐக்கியமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். எந்தக் கேள்வியில் ஐரோப்பா இரண்டாகப் பிளந்ததோ அதே கேள்வியில். பேசினால் நகரும். என் காலத்திலேயே இத்தனை நகர்ந்திருக்கிறது.

வட்டுக்கோட்டை

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கட சபையும் தென்னிந்தியத் திருச்சபைதான் என்பது இந்தியாவில் பலருக்குத் தெரியாது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் சபைகள் ஐக்கிய சபை வழியாக 1947இல் இதில் சேர்ந்து யாழ்ப்பாண ஆதீனமானது, அதாவது ஒரு பேராயரின் கீழ் உள்ள பகுதி. முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள சபையோடு ஒன்றானோம். ஆனால் பக்கத்து ஒழுங்கையில் உள்ள ஆங்கிலிக்கன் சபையும் மெதடிஸ்ட் சபையும் வேறாகவே இருந்தன. இலங்கைக்கு என்று ஒரு ஐக்கிய சபைத் திட்டம் வருடக்கணக்காகத் தயாராகி, 1970களின் தொடக்கத்தில் வழக்கு போடப்பட்டு நின்று போனது.

பிறகு யுத்தம் வந்தது. இடம்பெயர்ந்து போன இடங்களில் எந்தக் கோயில் கதவு திறந்திருந்ததோ அங்கே படுத்தோம். அம்மம்மா கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் இருந்துகொண்டு எங்கட ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பாடுவார். சுற்றி இருந்த ஆட்களும் இரண்டு நாளில் அந்தப் பாட்டைப் பழகிவிட்டார்கள். திட்டம் போட்டுச் சேர்ந்ததைவிட அங்கே சேர்ந்ததுதான் எங்களுக்கு நினைவிருக்கிறது.

மண்வாசல்

எல்லாரும் சபைப் பிரிவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இன்னொரு பிரிவைச் சொல்லாமல் போக முடியாது.

நான் பிறந்த ஊரில் ஒரே சபைதான். ஒரே ஆயர், ஒரே விசுவாசப் பிரமாணம். ஆனால் எங்கள் தெருவுக்குத் தனிக் கல்லறை. என் தாத்தாவைப் புதைக்கப் போனபோது நடுவில் இருந்த சுவரை நான் சின்னப் பையனாகத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆர்.சி.யிலும் இது உண்டு, சி.எஸ்.ஐ.யிலும் உண்டு, லுத்தரனிலும் உண்டு. இங்கிலாந்தில் யாரோ போட்ட சண்டையை மிஷனரி கொண்டுவந்தான் என்று சொல்லிவிடலாம். சாதியை எந்த மிஷனரியும் கொண்டுவரவில்லை. அது நாம் உண்டாக்கியது, நாம்தான் நிலைநிறுத்துகிறோம்.

அதே சமயம் நன்றியோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவ தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லாமல் போனது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கொடுத்தார்கள், எங்களுக்கு இன்னும் இல்லை. அந்த ஆகஸ்ட் 10ஐக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் புராட்டஸ்டன்ட் சபைகளின் தேசிய மன்றமும் சேர்ந்து கருப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். நான் போன ஊர்வலத்தில் கன்னியாஸ்திரீகள், பேராயர், தெருமுனைப் பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒருவர், எல்லாரும் ஒரே கோஷம் போட்டார்கள். அன்று யாரும் யாரிடமும் ஞானஸ்நானம் எப்படி எடுத்தாய் என்று கேட்கவில்லை. சேர்ந்து நின்றால் என்ன வரும் என்பதை அங்கே பார்த்தேன். அதே ஆட்கள் ஊருக்குத் திரும்பி அந்தச் சுவரையும் இடிக்க வேண்டும் என்பதுதான் என் ஜெபம்.

மேலறை

மண்வாசல் தம்பி, சுவரைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் ஆமென் சொல்கிறேன். எங்கள் சபைகளில் அது இல்லை என்று சொல்லிக்கொள்வோம். கல்யாணம் பேசும்போது பார்த்தால் எங்களிடமும் இருக்கிறது.

வேலூர் செவிலி

சின்னதாக ஒன்று. நான் வேலை பார்க்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனை 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது. அமெரிக்க ரிஃபார்ம்ட் மிஷன் குடும்பம் அவருடையது. ஆனால் அது ஒரு மிஷனின் சொத்தாக நிற்கவில்லை, பல சபைகள் சேர்ந்து தாங்கின. இரவுப் பணிக்கு முன் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஜெபிப்போம். மார்த்தோமா, சி.எஸ்.ஐ., ஆர்.சி., பிரதரன். நோயாளியின் பெயரைச் சொல்லி, அவர் வலி குறைய வேண்டும் என்று கேட்கும்போது நாலு பேருக்கும் வார்த்தை ஒன்றாகத்தான் வருகிறது.

அக்கா, உங்கள் அம்மாவுக்கு நன்றி சொல்வதில் தொடங்குங்கள். கடவுள் அவர்களை உங்களுக்குக் கொடுத்ததற்கு நன்றி. அதற்கு எந்தச் சபையும் தடை சொல்லாது.

முதலூர் பேரன்

இது நல்ல யோசனை. அப்புறம் எங்கள் ஆராதனை முறையில் சமாதானம் கொடுப்பது உண்டே, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போகுமே, அதையும் வையுங்கள். 1950இல் சி.எஸ்.ஐ. தன் திருவிருந்து முறையை எழுதியபோது கேரள சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அது.

வடசேரிமகள்

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளாக ஒவ்வொரு பதிவையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். தம்பியிடம் பேசினேன். எழுதி வைத்த முறை எதுவும் தனக்கு ஒத்துவராது என்றான், அதனால் சமாதானம் கொடுப்பதை விட்டுவிட்டேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அம்மாவுக்காக ஜெபிக்க வேண்டாம், அம்மாவுக்காக ஸ்தோத்திரம் பண்ணலாம்." அக்காவிடம் அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எங்கள் பங்கில் அன்று காலையில் பூசைக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன், வீட்டில் நீங்கள் சொல்வது போல இருக்கட்டும்" என்றாள்.

கடைசியில் கர்த்தருடைய ஜெபம் சொல்லலாம் என்று இருக்கிறோம். ஆனால் அவர்கள் வார்த்தை வேறு, எங்கள் வார்த்தை வேறு. என்ன செய்வது?

கடல்மணல்

அவரவர் வார்த்தையில் சொல்லட்டும். நீங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே", நாங்கள் "எங்கள் தந்தையே". வேகம் கொஞ்சம் முன்னே பின்னே வரும், பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். தீமையிலிருந்து விடுவியும் என்ற இடத்தில் நாங்கள் நிறுத்திவிடுவோம். நீங்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வீர்கள். பூசையில் எங்களுக்கும் அந்த வரி உண்டு, நடுவில் குரு ஒரு ஜெபம் சொன்ன பிறகு வரும். அத்தானின் அம்மாவிடம் சொல்லி வையுங்கள், அவரும் சேர்ந்துகொள்வார்.

சங்கீதத்துக்கும் அதையே செய்யலாம். 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கரும் மற்ற சபை அறிஞர்களும் சேர்ந்துதான் உழைத்தார்கள். அதில் சங்கீதம் 23 "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கும். நீங்கள் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று வாசியுங்கள், அக்கா அதை வாசிக்கட்டும்.

வடசேரிமகள்

நேற்று நடந்தது. எழுதிவிடுகிறேன்.

ஆயர் வரவில்லை, பாஸ்டர் வரவில்லை, சாமியாரும் வரவில்லை. வீட்டு ஆட்கள் மட்டும், இருபது பேர் இருக்கும். அம்மா உட்காரும் நாற்காலியைக் காலியாக வைத்திருந்தோம். நான் சங்கீதத்தை எங்கள் வேதாகமத்தில் வாசித்தேன். அக்கா அவளுடையதில் வாசித்தாள். தம்பி புத்தகம் இல்லாமல் ஜெபித்தான். அம்மா அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரியெல்லாம் முழங்காலில் நின்றதைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்தான், குரல் நின்றுவிட்டது. அத்தானின் அம்மா எழுந்து போய் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. ஜெபமாலை கையில் சுற்றியிருந்தது, தம்பி அதைப் பார்த்தான், விலகவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சாப்பிடும்போது ஞானஸ்நானப் பேச்சு வந்து அத்தானும் தம்பியும் சத்தமாகவே பேசினார்கள். ஆனால் ஒரே இலைவரிசையில் உட்கார்ந்து பேசினார்கள்.

கர்த்தருடைய ஜெபத்தில் கடல்மணல் சொன்னபடியே ஆனது. அவர்கள் பாதியில் முன்னே போனார்கள், நாங்கள் பின்னால். தீமை என்ற இடத்தில் அவர்கள் பக்கம் அமைதியானது. அத்தானின் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல நான் மறந்துவிட்டேன். எங்கள் பக்கம் "ராஜ்யமும்" என்று தொடங்கியதும் அவர் நிமிர்ந்து பார்த்தார், ஒரு நொடி தாமதித்து எங்கள் வார்த்தையிலேயே சேர்ந்துகொண்டார். "எப்படித் தெரியும் மாமி?" என்று பிறகு கேட்டேன். "உன் அம்மாதான் சொல்லித் தந்தாள், ஒரு மார்ச் மாதம் ஜெப நாளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது" என்றார்.